குழந்தையிடம் மரணத்தை மறைக்காதீர்கள்

துக்க வீட்டில் பல இடங்களில் முதலில் நடப்பது, குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான். "அப்பா ஊருக்குப் போயிருக்கார்", "பாட்டி தூங்குறாங்க", "சாமி கூப்பிட்டுக்கிச்சு" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் குழந்தை அதை அப்படியே நம்பும். தூங்கிய பாட்டி எழுந்திருக்கவே இல்லை என்றால் அதற்கு இரவில் கண்மூடப் பயம் வரும். ஊருக்குப் போன அப்பா திரும்பவில்லை என்றால், தன்மேல் கோபம்போல என்று நினைக்கும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது பிடிபடுவதில்லை. இன்று சொல்லிப் புரியவைத்தாலும் நாளை "எப்ப வருவாங்க?" என்று கேட்கும். பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான், மரணம் மீளாதது, உடலின் இயக்கம் முழுவதும் நின்றுபோவது, எல்லோருக்கும் வருவது என்பவை விளங்கத் தொடங்கும். அப்போது அடுத்த பயம் பிறக்கும்: "அம்மா, நீயும் செத்துடுவியா?" இதற்கு, "நான் ரொம்ப நாள் உன்கூட இருப்பேன்னு நம்புறேன். எனக்கு ஏதாவது ஆனாலும் உன்னைப் பார்த்துக்க சித்தி இருக்காங்க" என்று சொல்லலாம். யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கிற கேள்வி.

மரணத்தைச் சொல்லும்போது நேராகச் சொல்லுங்கள். "அப்பா இறந்துட்டார். அவரோட இதயம் நின்னுபோச்சு. இனிமே அவருக்கு வலிக்காது, பசிக்காது. திரும்பி வரமாட்டார். இதுக்கு நீ காரணம் இல்லை." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தான் சேட்டை செய்ததால்தான், "போ, உன்னைப் பிடிக்கலை" என்று சொன்னதால்தான் இப்படி ஆனது என்று சின்னக் குழந்தைகள் உள்ளுக்குள் நம்புவது மிகச் சாதாரணம். கேட்காமல் அது வெளியே வராது.

பிள்ளைகள் தொடர்ந்து அழுவதில்லை. சற்று நேரம் அழுதுவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். "இதுக்கு ஒண்ணுமே உறைக்கலையே" என்று உறவினர் பேசக் கேட்டிருக்கிறேன்; மனம் கனத்துப்போகும். தாங்கும் அளவுக்கு மட்டும் துக்கத்தை எடுத்துக்கொண்டு, மீதியை விளையாட்டில் கரைப்பது குழந்தையின் வழி. நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வரலாம், வயிற்றுவலி வரலாம், அம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்ளலாம். இவற்றுக்குத் திட்டக் கூடாது.

கொள்ளி வைக்கும் சிறுவனைப் பற்றி ஒரு வார்த்தை. என்ன நடக்கப்போகிறது என்று முன்பே சொல்லி, விருப்பம் கேட்டு, நம்பிக்கையான ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றால், சடங்கு அவனுக்கு ஆறுதலாகவே இருக்கும். வற்புறுத்தினால் ஆறாத பயமாகத் தங்கிவிடும். "இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பளை, அழக்கூடாது" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒன்பது வயதுப் பையன் ஒன்பது வயதுப் பையன்தான்.

திருவிழாவில் வாங்கிய சாயக் கோழிக்குஞ்சு சாவதும் வீட்டு நாய் சாவதும் பல பிள்ளைகளுக்கு முதல் இழப்பு. உடனே இன்னொன்று வாங்கித் தந்து மறக்கடிக்காமல், அவர்களையும் கூட்டிக்கொண்டு குழி தோண்டிப் புதையுங்கள், அதைப் பற்றிப் பேசவிடுங்கள். பெரிய இழப்பைத் தாங்க அது ஒரு பயிற்சி.

பெற்றோரை இழந்த குழந்தைக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனும் மகளும் அப்பாவின் முதல் நிலை வாரிசுகள். 18 வயது நிரம்பாத குழந்தைக்கு அப்படி வந்த வீட்டையோ நிலத்தையோ காப்பாளர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. "நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்கும் உறவுகளிடம் தாய்மார்கள் எச்சரிக்கையாக இருங்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதும் தவறு. 6 முதல் 14 வயது வரை கல்வி அவள் உரிமை. கணவரை இழந்து, வருமானம் குறைவாக உள்ள தாயின் குழந்தைக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு வழி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். தாய் தந்தை இருவரும் இல்லாத குழந்தையை, இரக்கப்பட்டுக் கேட்கிறார்கள் என்று யாரிடமும் வாய்வார்த்தையில் கொடுத்துவிடக் கூடாது. குழந்தைகள் நலக் குழுவிடம் தெரிவிக்க வேண்டும்.

இழப்பு நடந்து ஆறு மாதம் கடந்தும் குழந்தை நாள்தோறும் அதே ஏக்கத்தில் முடங்கிக் கிடந்தால், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். "நானும் அப்பாகிட்ட போறேன்" என்று குழந்தை சொன்னால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டும் கட்டணம் இல்லாதவை, 24 மணி நேரமும் இயங்குபவை.