பழக் கேக்கில் தண்ணீர் எங்கே போகிறது?

பழக் கேக்கின் எடையில் ஏறத்தாழப் பாதி பழமும் சர்க்கரையும்தான். மைதா அவற்றைப் பிடித்து நிறுத்தும் காரை மட்டுமே. 200 கிராம் மைதா, 150 கிராம் வெண்ணெய், 150 கிராம் சர்க்கரை, 3 முட்டை, 350 கிராம் உலர் பழம், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் என்பது வீட்டில் செய்வதற்கு ஏற்ற எளிய கணக்கு. கடைகளில் இதற்கே பிளம் கேக் என்று பெயர். ஆனால் அதில் பிளம் பழம் இருப்பதில்லை. முற்காலத்தில் ஆங்கிலத்தில் உலர் திராட்சையையும் பிளம் என்பார்கள், அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. டூட்டி ஃப்ரூட்டி என விற்கும் வண்ணத் துண்டுகளோ, சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய்.

இந்தக் கேக் நன்றாக வருவதும் கெடுவதும் தண்ணீரைப் பொறுத்தது. முந்திரிப்பருப்பை ஊறவைக்காமல் போட்டாலும் குற்றமில்லை, உலர் திராட்சையை அப்படிப் போடக் கூடாது. பச்சைத் திராட்சையில் 80 விழுக்காடு நீர் என்றால், உலர்ந்ததில் சுமார் 15 விழுக்காடுதான். மிச்சம் பெரும்பாலும் சர்க்கரை. சர்க்கரை செறிந்த பக்கத்துக்குத் தண்ணீர் நகரும். ஊறாத திராட்சை அடுப்புக்குள் போனால் தனக்கு வேண்டிய ஈரத்தைச் சுற்றியுள்ள மாவிலிருந்தே இழுத்துக்கொள்ளும். கேக் வறண்டு உதிர்வதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம்.

அதனால்தான் பழங்களை ரம்மிலோ பிராந்தியிலோ வாரக்கணக்கில் ஊறவைக்கும் வழக்கம் உண்டாயிற்று. கேரளத்தில் தலச்சேரியின் மாம்பள்ளி பாபு 1883இல் செய்த கேக்கில் வெளிநாட்டு பிராந்திக்குப் பதிலாக உள்ளூர் முந்திரிப்பழத்தையும் கதலி வாழையையும் புளிக்கவைத்த மதுவைச் சேர்த்தார் என்பது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் ஆகியவற்றின் மணப்பொருள்கள் பல, தண்ணீரைவிட ஆல்கஹாலில் எளிதாகக் கரையும். மது வேண்டாம் என்பவர்களுக்கு ஆரஞ்சுச் சாறு போதும். சாற்றில் பழங்களைப் போட்டு மெல்லிய தீயில் 10 நிமிடம் கொதிக்கவிட்டால் தோல் இளகி, ஓர் இரவு ஊறியதற்குச் சமமாக உப்பிவிடும். ஆறிய பிறகே மாவில் சேர்க்க வேண்டும். சூடாகச் சேர்த்தால் வெண்ணெய் உருகிவிடும்.

கறுத்த நிறத்துக்குக் கேரமல். சர்க்கரையை வெறும் வாணலியில் சூடாக்கினால் சுமார் 160 டிகிரி செல்சியசுக்கு மேல் உருகிப் பழுப்பாகும். அதில் தண்ணீர் விட்டதும் அது நொடியில் ஆவியாகிச் சீறித் தெறிக்கும். வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஊற்றுவதே பாதுகாப்பு.

வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பது இனிப்பைக் கலப்பதற்கு மட்டுமல்ல. சர்க்கரைப் படிகங்களின் கூர்முனைகள் கொழுப்புக்குள் காற்றை இழுத்துச் செல்கின்றன. பேக்கிங் பவுடர் வெளியிடும் கரியமில வாயு, ஏற்கெனவே இருக்கும் இந்தக் குமிழ்களுக்குள் புகுந்துதான் அவற்றைப் பெரிதாக்குகிறது. இதற்கு வெண்ணெய் 20 டிகிரி அளவில் இருக்க வேண்டும். சென்னை வெயிலில் மேசையில் கிடந்த வெண்ணெய் எண்ணெயாய் இளகிப்போகும், காற்றைப் பிடிக்காது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரத்திலேயே அடித்துவிடுவது நல்லது. மைதா சேர்ந்த பிறகு அடிக்கக் கூடாது, மெல்ல மடித்துக் கலக்க வேண்டும். அழுத்தி அடித்தால் குளூட்டன் வலுத்துக் கேக் ரப்பர்போல ஆகும்.

பழமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது என்பது பலரின் குறை. கனமான துண்டு திரவத்தில் இறங்கும் வேகம் அதன் ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது. துண்டின் அளவைப் பாதியாக்கினால் இறங்கும் வேகம் கால்பங்காகும். மாவு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு மெதுவாக இறங்கும். பழத்தை மைதாவில் புரட்டிப் போடுவது, ஒட்டும் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது என்ற அளவில் உதவும். ஆனால் பொடியாக நறுக்குவதும் கலவை தளர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதைவிட முக்கியம்.

அடுப்பில் அவசரம் உதவாது. காற்றும் பழமும் நிறைந்த கெட்டி மாவுக்குள் வெப்பம் மெதுவாகத்தான் நுழையும். போதாததற்கு, சர்க்கரை தண்ணீரைக் கட்டிப்போட்டிருப்பதால் மாவுச்சத்து வேகும் வெப்பநிலையும் முட்டைப் புரதம் இறுகும் வெப்பநிலையும் உயர்ந்துவிடுகின்றன. சூடு அதிகமானால் மேல்பக்கம் முதலில் இறுகும், நடுவிலிருக்கும் ஈர மாவு பிறகு பொங்கி அதைப் பிளக்கும், மேலே தெரியும் திராட்சை கருகிக் கசக்கும். 150 முதல் 160 டிகிரிக்குள் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும். டின்னின் உட்புறம் இரண்டு அடுக்குக் காகிதம் விரித்தால் ஓரம் தீயாது. ஓவன் இல்லாத வீடுகளில், கேஸ்கட்டும் வெயிட்டும் நீக்கிய குக்கரின் அடியில் உப்போ மணலோ பரப்பி, அதன்மேல் ஸ்டாண்டு வைத்துச் சிறுதீயில் வேகவைப்பார்கள். மூடிக்குள் நீராவி தங்குவதால் மேல்பக்கம் அதிகம் சிவக்காது. வெந்ததா என்று குச்சியால் பார்ப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். குச்சி திராட்சையில் குத்தினால் வெந்த கேக்கும் வேகாததுபோலத் தெரியும், வேறோர் இடத்தில் குத்திப் பார்க்க வேண்டும்.

இலங்கைக் கிறிஸ்துமஸ் கேக்கில் மைதாவின் இடத்தை ரவை பிடித்திருக்கிறது. கூடவே முந்திரியும் பாகில் ஊறிய நீற்றுப்பூசணியும் சேரும். ரவைக் குருணை ஈரத்தை மெதுவாக உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும், குளூட்டன் வலையும் வலுவாக உருவாகாது. ஈரமும் கனமும் கூடிய அந்தப் பதத்துக்கு அதுவே காரணம்.

ரம் ஊட்டிய பழக் கேக் மாதக்கணக்கில் நிற்பதன் ரகசியமும் தண்ணீர்தான். ஈரம் இருந்தும் நுண்ணுயிர்களுக்கு அது எட்டாதபடி சர்க்கரை பிடித்து வைத்திருக்கிறது. பாக்டீரியா பெரும்பாலும் தோற்றுப்போகும். வறட்சியைத் தாங்கும் பூஞ்சைதான் மிஞ்சும் பகை, மேலே தடவும் மது அதைத் தடுக்கும். 2017இல் அண்டார்டிகாவின் அடேர் முனையில் ஹன்ட்லி அண்ட் பால்மர்ஸ் நிறுவனத்தின் பழக் கேக் ஒன்று டப்பாவோடு கண்டெடுக்கப்பட்டது. தென் துருவப் பயணி ஸ்காட்டின் குழுவினர் விட்டுச்சென்றதாகக் கருதப்படும் அதற்கு வயது நூறைத் தாண்டியிருந்தது. கொழுப்பில் லேசான காறல் வாடை தவிர, பார்க்கத் தின்னத் தக்கதாகவே இருந்தது.

அங்கே உறைகுளிரும் துணை நின்றது. நம் ஊர்ப் புழுக்கத்தில் சாற்றில் பழத்தை ஊறவைத்துச் செய்த கேக் இரண்டு மூன்று நாளைக்குத்தான் வெளியே தாங்கும், பிறகு குளிர்சாதனப் பெட்டிக்குப் போக வேண்டும். அங்கே மாவுச்சத்து மறுபடி இறுகுவதால் துண்டு சற்று விறைக்கும், லேசாகச் சூடுகாட்டினால் இளகிவிடும். செய்த அன்றே வெட்டாமல் ஒரு நாள் மூடி வைத்தால், பழத்தின் ஈரம் சுற்றியுள்ள மாவுக்குள் பரவிக் கேக் உதிராமல் துண்டாக வரும்.