வீட்டில் பாலாடைக்கட்டி செய்வோர் சாமான் செலவைக் குறைக்கும் வகை

கறவை மிகுந்த மாதங்களில் விற்றது போக எஞ்சும் பாலைப் பாலாடைக்கட்டியாக்கி வைப்பது குடியானவர் குடும்பங்களுக்கு ஏற்ற உபாயமாகும். ஆயினும் இதற்கென விற்கப்படும் அச்சு, அழுத்துப்பொறி, உறைமருந்து முதலியவற்றின் விலையைக் கேட்டதும் மனந்தளர்ந்து கைவிடுவாரும் உண்டு. எதில் சிக்கனம் செய்யலாம், எதில் செய்யலாகாது என்பதை அறிந்தால் இச்செலவு பெரிதன்று.

முதற்கண் கவனிக்க வேண்டுவது யாதெனில், கெட்டியான பாலாடைக்கட்டி 1 கிலோ பெறுவதற்குச் சுமார் 10 லிட்டர் பசும்பால் செல்லும். ஆகவே பெருஞ்செலவு பாலே. பாலைக் கெடுக்கக்கூடிய மலிவுச் சாமான் உண்மையில் விலையுயர்ந்தது. பாலின் குணத்தைத் தொடாத விலையுயர்ந்த சாமான் வேண்டாதது.

இம்முறைப்படி நோக்கின், அழுத்துப்பொறி உடனே வேண்டுவதில்லை. துளையிட்ட பாத்திரத்தில் தயிர்க்கட்டியை இட்டு, மேலே தட்டு வைத்து, எடைக்கற்களைச் சிறிது சிறிதாக ஏற்றினாலே போதும். வடிகட்டுவதற்குக் கொதிநீரில் இட்டெடுத்த மல்துணி போதுமானது. சூரத் நகரின் பெயர் பெற்ற பன்னீர், மூங்கிற் கூடைகளையே அச்சாகக் கொண்டு செய்யப்பட்டு வருவதாகும். உப்புநீரையும் ஒவ்வொரு முறையும் கொட்டிவிடாமல், வடிகட்டிக் காய்ச்சி, குறைந்த உப்பைச் சேர்த்து மீண்டும் உபயோகிக்கலாம்.

அடுத்தது ரென்னட் என்னும் உறைமருந்து. இதனைப் புட்டியின் விலையால் மதிப்பிடாமல் வலிமையால் மதிப்பிட வேண்டும். 1-க்கு 10,000 வலிமையுள்ள ரென்னட் 1 மில்லிலிட்டர், 35 டிகிரி சென்டிகிரேடு சூட்டிலுள்ள 10 லிட்டர் பாலை 40 நிமிடத்தில் உறையச் செய்யும். பாதி வலிமையுள்ளது பாதி விலைக்குக் கிடைப்பின் அதில் லாபம் யாதுமில்லை. 50 மில்லிலிட்டர் புட்டி ஒன்று 500 லிட்டருக்குப் போதும். வாரம் 10 லிட்டர் உறைவைக்கும் ஒரு வீட்டில் அது ஓராண்டு கிடந்து வலிமை குன்றும். நான்கு வீட்டார் கூடி வாங்கினால் சுமார் மூன்று மாதத்தில் செலவாகிவிடும், பங்கும் காற்பங்காகும். ஊசி நீக்கிய சிரிஞ்சினால் அளந்து, காய்ச்சி ஆறிய நீரில் கலந்து ஊற்றுதல் நலம். குளோரின் கலந்த குழாய்நீர் ரென்னட்டின் வலிமையைக் கெடுக்கும்.

புளிப்பேற்றும் உறைப்பொடியையும் பலமுறைக்கு ஆக்கிக்கொள்ளலாம். காய்ச்சி ஆறிய பாலில் அதனைச் சிறிது இட்டு உறையச்செய்து, பனிக்கட்டித் தட்டில் சிறு கட்டிகளாக உறையவைத்தால் ஒரு பொட்டலம் பலமுறைக்கு உதவும். மணமோ புளிப்போ மாறுபட்டால் அதனை எறிந்துவிட்டுப் புதுப் பொட்டலம் தொடங்குக.

சிக்கனம் செய்யலாகாதவை மூன்று. முதலாவது வெப்பமானி. பச்சைப்பாலின் வழியாகப் புருசெல்லா, காசம் முதலிய நோய்க்கிருமிகள் மனிதரைச் சேரலாம். ஆகையால் பாலை 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்துப் பின் ஆற்ற வேண்டும். அதனைக் கொதிக்கவிட்டாலோ ரென்னட் செவ்வையாக உறையச் செய்யாது. இவ்விரு தவறுகளையும் கைவிரற் சோதனை காட்டாது; வெப்பமானியே காட்டும். இரண்டாவது பாத்திரம். பித்தளை, செம்பு, துத்தநாகம் பூசிய வாளி ஆகியவற்றைப் புளித்த பால்நீர் அரிக்குமாதலால் எவர்சில்வரே ஏற்றது. மூன்றாவது துப்புரவு, இதற்கு வேண்டுவது கொதிநீரும் பொறுமையுமே.

வடிந்த பால்நீரும் செலவைக் குறைக்கவல்லது. ஒருநாள் புளிக்கவைத்த பால்நீரை, 80 டிகிரி அளவில் சூடேற்றிய பாலில் திரியும் வரை சிறிது சிறிதாகச் சேர்த்தால் எலுமிச்சையின்றியே பன்னீர் கிடைக்கும். எஞ்சியதை மாவு பிசையவும் கால்நடைகளுக்குக் கொடுக்கவும் பயன்படுத்தலாம்.

ஆதலின் புதிதாகத் தொடங்குவோர் முதலிற் பன்னீர் செய்து பழகி, பின்னர் வெப்பமானியும் ரென்னட்டும் வாங்கி, அச்சையும் பொறியையும் விற்பனை வருவாயிலிருந்தே சேர்த்துக் கொள்வது உத்தமம். இவ்வாறு செய்தால் மிகுதிப் பால் வீணாகாது; கடனும் ஏறாது.