நாய் கழுத்தில் ஜி.பி.எஸ். இருக்கு... சார்ஜ் இருக்கா? கல்மண்டபம் நாய் பிரியர்களே, உஷார்!

ராயபுரம்: வேட்டை நாய் எங்கே ஓடினாலும் செல்போனில் காட்டிக்கொடுக்கும் 'ஜி.பி.எஸ்.' கழுத்துப் பட்டை இப்போது ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஆனால் வாங்கி மாட்டிய கையோடு அதை மறந்துவிட்டால், நாய் தொலையும் நாளில் பட்டை வெறும் பட்டையாகத்தான் இருக்கும். அதை எப்படி பராமரிப்பது? விவரம் வருமாறு:-

ஓட்டத்துக்கே பிறந்த நாய்கள்

தமிழ்நாட்டின் பெயர் சொல்லும் வேட்டை நாய்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர் மாவட்ட ஊர்கள். கோம்பை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ராஜபாளையம் நாய்க்கு 2005-ம் ஆண்டு தபால் தலையே வெளியிட்டார்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி வானொலியில் பேசும்போது இந்த நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னதும் நினைவிருக்கலாம்.

இதில் சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் கண்ணால் பார்த்துத் துரத்தும் ரகம். எதிரே பூனை ஓடினால் போதும், கூப்பிட்டாலும் காதில் விழாது. கரிசல் காட்டில் ஓடினால் பரவாயில்லை. கல்மண்டபத்தில் ஓடினால்? ஒரு பக்கம் ராயபுரம் ரெயில் பாதை, இன்னொரு பக்கம் சூரியநாராயண செட்டி தெரு போக்குவரத்து, அதைத் தாண்டினால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். போதாக்குறைக்கு தீபாவளி வெடிச்சத்தம் வேறு. பயத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் நாய்க்கு திரும்பி வர வழி தெரியாது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாயை விட்டு முயல் பிடிப்பது, பன்றி பிடிப்பது எல்லாம் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனவே இங்கே பட்டை மாட்டுவது வேட்டைக்கு அல்ல, நாயை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவரத்தான்.

'சிப்' வேற, 'ஜி.பி.எஸ்.' வேற

"எங்க நாய்க்கு கார்ப்பரேஷன்ல சிப் போட்டாச்சு, தொலைஞ்சா போன்ல தெரியும்" என்று நினைப்பவர்கள் உண்டு. இது தவறு.

வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோ சிப்பும் உரிமமும் கட்டாயம், உரிமம் இல்லாவிட்டால் ரூ.5 ஆயிரம் அபராதம் என்று சென்னை மாநகராட்சி 2025 இறுதியில் அறிவித்தது. அப்போது உரிமக் கட்டணம் ரூ.50 ஆக இருந்தது. வடசென்னைக்காரர்கள் புளியந்தோப்பு, திரு.வி.க. நகர் மாநகராட்சி செல்லப்பிராணி மையங்களுக்கு நாயை அழைத்துப்போனார்கள்.

இந்த சிப் ஒரு அரிசி மணி அளவுதான். தோள்பட்டை நடுவே தோலுக்கு அடியில் ஊசி மூலம் வைக்கிறார்கள். அதில் பேட்டரி கிடையாது, சிம் கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு 15 இலக்க நம்பர். ரீடர் கருவியை நாயின் முதுகருகே கொண்டுபோனால் மட்டும் அந்த நம்பர் தெரியும். அதாவது நாயை யாராவது பிடித்த பிறகு 'இது யாருடைய நாய்' என்று சொல்லும். 'எங்கே இருக்கிறது' என்று சொல்லாது.

சிப்புக்கு பராமரிப்பு தேவையில்லை. ஆனால் பதிவில் கொடுத்த செல்போன் நம்பரை மாற்றினால் அதைத் திருத்தியாக வேண்டும். பழைய நம்பரே இருந்தால் சிப் இருந்தும் பலன் இல்லை.

பட்டை எப்படி வேலை செய்கிறது?

சுமார் 20 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, பட்டை தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. பிறகு உள்ளே இருக்கும் சிம் கார்டு மூலம் அந்த இடத்தை உங்கள் செல்போனுக்கு அனுப்புகிறது. காசிமேடு விசைப்படகில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி படகு இருக்கும் இடத்தைக் காட்டுவது போலத்தான். வானத்தைப் பார்ப்பது ஒரு வேலை, தகவல் அனுப்புவது இன்னொரு வேலை. இதில் ஒன்று படுத்தாலும் மேப்பில் நாய் தெரியாது.

தகர ஷீட்டுக்கு அடியிலும், நெருக்கமான சந்துகளிலும் செயற்கைக்கோள் சிக்னல் தடுமாறும். நாய் இந்தத் தெருவில் இருக்க, மேப் பக்கத்துத் தெருவைக் காட்டலாம். எனவே மேப்பில் புள்ளி இருக்கும் இடத்தில் நாய் இல்லை என்றதும் திரும்பிவிடக் கூடாது. சுற்றியுள்ள நாலு சந்திலும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் பட்டை வேறு வகை. அதில் சிம் இல்லை. நீளமான ஆன்டெனா மூலம் கையில் இருக்கும் கருவிக்கு நேராக ரேடியோ சிக்னல் போகும். செல்போன் டவர் இல்லாத காட்டிலும் பல கிலோ மீட்டர் எட்டும். அந்த நாட்டில் அதற்கு 151 முதல் 154 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் விட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் அந்த அலைவரிசைக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் வாங்கிவரச் சொல்லும் முன் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று 'ஏர்டேக்' போன்ற ப்ளூடூத் வில்லை. அதற்குள் ஜி.பி.எஸ். இல்லை. பக்கத்தில் போகிறவர்களின் ஐபோன் அதைக் கண்டால்தான் இடம் தெரியும். பொருட்களுக்காகச் செய்தது, செல்லப்பிராணிக்கு அல்ல என்று அதைத் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. நாய் கடித்து விழுங்கினால் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி குடலைப் புண்ணாக்கிவிடும்.

சிம் செத்தால் பட்டையும் செத்தது

பட்டை வேலை செய்யாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது ரீசார்ஜ். பட்டையில் இருக்கும் சிம்முக்கு யாரும் போன் செய்வதில்லை. அதனால் வேலிடிட்டி முடிந்ததே தெரியாது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் சிம் இணைப்பையே நிறுத்திவிடலாம் என்பது விதி. ரீசார்ஜ் முடியும் தேதியை வீட்டு காலண்டரில் குறித்து வைப்பது நல்லது.

விலை குறைந்த பட்டைகள் பல 2ஜி-யில் மட்டும் இயங்குபவை. ஜியோவில் 2ஜி கிடையாது. அந்த சிம்மைப் போட்டுவிட்டு 'பட்டை டூப்ளிகேட்' என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. எந்த சிம் போடலாம் என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

உப்புக் காற்று, உஷார்!

கல்மண்டபத்துக்கும் கடலுக்கும் நடை தூரம்தான். வீட்டு ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும் ஊரில் பட்டையின் சார்ஜ் பின் மட்டும் தப்புமா? செய்ய வேண்டியவை இவைதான்:

* வாரம் ஒரு முறை சார்ஜ் பின்னை உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். பச்சை பூத்திருந்தால் பழைய பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்க்கலாம்.

* நாய் கடலில் இறங்கினால் பட்டையை நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும். 'ஐ.பி.எக்ஸ்.7' என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரை தண்ணீர் தாங்கும் என்று அர்த்தம். அந்த சோதனை நல்ல தண்ணீருக்குத்தான், உப்புத் தண்ணீருக்கு அல்ல.

* சார்ஜ் போட ஒரு நேரத்தை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். இரவு நாய் வீட்டுக்குள் படுத்ததும் கழற்றி சார்ஜ் போட்டு, காலையில் மாட்டுவது சுலபம். சிக்னல் வீக்காக இருக்கும் இடத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கம்பெனி அட்டையில் போட்டிருக்கும் நாள் கணக்கை அப்படியே நம்பக் கூடாது.

* வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் பட்டையை வைக்கக் கூடாது. லித்தியம் பேட்டரிக்கு சூடு ஆகாது. பேட்டரி உப்பியிருந்தால் அதை மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

* ரொம்ப நாள் பயன்படுத்தாமல் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வைக்க வேண்டும். சுத்தமாக இறங்கவிட்டால் பேட்டரி போய்விடும்.

* பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே 2 விரல் நுழைய வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு தலை குறுகல், முடியும் குட்டை. பட்டை தளர்ந்தால் தலைவழியாக உருவிக்கொள்ளும், இறுகினால் புண்ணாகும். தினமும் கழற்றும்போது கழுத்துத் தோலைப் பார்க்க வேண்டும்.

மாதம் ஒரு ஒத்திகை

இதெல்லாம் செய்தாலும் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. மாதம் ஒரு நாள் வீட்டில் ஒருவர் பட்டையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பழைய வண்ணாரப்பேட்டை வரை போகட்டும். இன்னொருவர் வீட்டிலிருந்து செல்போனில் அவரைத் தேடட்டும். கண்டுபிடித்தால் பட்டை நன்றாக இருக்கிறது. தெரியாவிட்டால் சார்ஜ், சிம், சிக்னல் மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். வெட்டவெளியில் சில நிமிடம் வைத்தால் பட்டை செயற்கைக்கோளைப் பிடித்துவிடும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு இந்த ஒத்திகை கட்டாயம்.

கடைசியாக ஒரு தகடு

பட்டை எவ்வளவு விலை என்றாலும் அதன் பேட்டரி ஒரு நாள் இறங்கும். சிப் எவ்வளவு நல்லது என்றாலும் அதைப் படிக்க ரீடர் வேண்டும். இரண்டும் கைவிட்ட நேரத்தில் காப்பாற்றுவது கழுத்தில் தொங்கும் சின்னத் தகடுதான். அதில் உங்கள் செல்போன் நம்பரை வெட்டிப் போடுங்கள். சார்ஜும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். நாயைப் பார்க்கும் டீக்கடைக்காரரோ, மீன் விற்கும் அம்மாவோ ஒரு போன் போட்டால் போதும். நாய் வீடு வந்து சேர்ந்துவிடும்.