கண்டிப்பும் கைத்தொழிலும்

களனி ஆறு கடலில் சேரும் முனையில், கொழும்பு 15இல் இருக்கிறது மட்டக்குளி. நெரிசலான தோட்டங்களும் தொடர்மாடிகளும் நிறைந்த இத்தகைய பகுதிகளில் பிள்ளை பாதை மாறுவது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும்போதுதான். புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்கினால் அன்றே காசு கைக்கு வரும். போதைப்பொருள் கைமாற்றினால் அதைவிட விரைவாக வரும். ஓ.எல். எழுதி, தொழில் படித்து, சம்பளம் வாங்கும்வரை பொறுத்திருக்கச் சொல்ல வீட்டில் ஆளிருக்காது.

பிள்ளைகள் இப்படிப் பாதை மாறுவதை இலங்கைச் சட்டம் முன்பே கண்டுகொண்டது. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், குற்றம் செய்த பிள்ளையைப் பெரியவர்களோடு சிறையில் தள்ளாமல் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் விட வழிசெய்தது. 2016இல் கட்டாயக் கல்வி 16 வயதுவரை நீட்டப்பட்டது. சட்டம் பிள்ளையைக் காக்கலாம். ஆனால் நல்ல பழக்கத்தை ஊட்ட ஆட்கள் வேண்டும்.

கத்தோலிக்கக் குரு டொன் பொஸ்கோ 1841இல் இத்தாலியின் தூரின் நகரத்துத் தெருப் பையன்களிடையே தொடங்கிய வேலையும், அருட்தந்தை பிளனகன் 1917இல் அமெரிக்காவின் ஒமாஹாவில் அமைத்த சிறுவர் நகரும் இதற்கு முன்னோடிகள். மட்டக்குளிக்குப் பக்கத்தில், முகத்துவாரத்தில் கல்லூரி நிறுவிய டிலாசால் துறவற சபைச் சகோதரர்களே றாகமையில் தியகல சிறுவர் நகரையும் தொடங்கினார்கள். அங்கே பண்ணையும் பட்டறையும்தான் வகுப்பறை.

பட்டறை தரும் ஒழுங்கு தனி வகை. சுவரிலுள்ள பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவம் வரைந்திருக்கும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்து அதனதன் இடத்தில் மாட்ட வேண்டும்; ஓரிடம் காலியாக இருந்தால் தேடாமல் யாரும் கிளம்ப முடியாது. திட்டாமலே பொறுப்பு பழகுகிறது.

சிறுவர் நகரில் சேராமல் வீட்டிலிருந்தபடியே பயில்வோருக்கு இளைஞர் கழகங்கள் உண்டு. 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் இயங்கும் இவற்றில் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் இளைஞர்களே. கூட்டக் குறிப்பு எழுதுவதும் கணக்குக் காட்டுவதும், மறுத்துப் பேசுபவரைப் பொறுத்துக் கேட்பதும் அங்கே பழக்கமாகின்றன.

அடுத்தது சான்றிதழ். தேசிய தொழிற்றகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. கராஜில் வேலை பார்த்தே தொழில் கற்றவரும் திறமையைச் செய்து காட்டி, முன்கற்றலுக்கான மதிப்பீட்டின் மூலம் சான்றிதழ் பெறலாம். ஓ.எல். தவறியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் பையனுக்கு இது பெரிய வாசல்.

புத்திமதி மட்டும் சொல்லும் ஒருநாள் முகாம்கள் இவற்றுக்கு ஈடாகா. தினமும் ஒரே நேரம், கையில் ஒரு தொழில், வராத நாளில் வீடு தேடி வந்து விசாரிக்கும் ஒரு பெரியவர்: இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் ஒழுக்கம் பிடிக்கிறது. பிள்ளையைச் சேர்க்குமுன் பெற்றோர் இந்த மூன்றையும் கேட்டறிய வேண்டும்.