மண்ணுக்குள் காவல் புரியும் செண்டுமல்லி

தோட்டத்தில் செழிப்பாக இருந்த தக்காளிச் செடி வளர்ச்சி குன்றுகிறது. காலையில் தண்ணீர் பாய்ச்சியும், உச்சி வெயிலில் துவண்டு விடுகிறது. இலைகளைத் திருப்பிப் பார்த்தால் பூச்சி எதுவும் இல்லை. செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பாருங்கள். வேரெங்கும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால், அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை!

அவரை, நிலக்கடலை வேர்களிலும் முடிச்சுகள் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். அவை நைட்ரஜனைச் சேர்த்துத் தரும் பாக்டீரியாக்களின் இருப்பிடங்கள். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழுவால் உண்டாகும் முடிச்சு, வேரே வீங்கியதாகும். ஆகவே அது உதிராது. வேருக்குள் நுழையும் இளம் புழுவின் நீளம் அரை மில்லிமீட்டர்கூட இராது. ஆனால் ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். ஆண்டுதோறும் அதே நிலத்தில் தக்காளியோ கத்தரியோ பயிரிட்டால் புழுக்கள் பெருகிக்கொண்டே போகும்.

இப்புழுவை அடக்க உதவும் செடியை நாம் மாலைகளில் காண்கிறோம். அதுவே செண்டுமல்லி. சூரியகாந்தியைப் போல ஆஸ்டரேசி குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் ஆகும். நாம் ஒரு பூ என்று கூறுவது உண்மையில் பல சிறுமலர்கள் கூடிய ஒரு மலர்த்தலை. ஒன்றைப் பிரித்து எண்ணிப் பாருங்கள்!

செண்டுமல்லியிலிருந்து ஆல்ஃபா டெர்தியனில் என்ற பொருளை 1947ஆம் ஆண்டில் செக்மைஸ்டர், சீஸ் என்னும் அறிஞர்கள் பிரித்தெடுத்தனர். புற ஊதாக் கதிர் பட்டால் அது நீலமாக ஒளிரும். செண்டுமல்லி வேரிலுள்ள இப்பொருள் நூற்புழுக்களைக் கொல்ல வல்லது என்பதை 1958இல் நெதர்லாந்தைச் சேர்ந்த உலன்புரூக், பைலோ ஆகியோர் கண்டறிந்தனர்.

இப்பொருள் ஒளியால் தூண்டப்பட்டால் ஆக்சிஜனைக் கடும் வினையாற்றலுள்ள நிலைக்கு மாற்றும். அந்த ஆக்சிஜன் உயிரணுக்களைச் சிதைக்கும். இருண்ட மண்ணுக்குள் ஒளி ஏது? வேரிலுள்ள பெராக்சிடேஸ் என்னும் நொதி ஒளிக்குப் பதிலாக இப்பொருளைத் தூண்டுகிறது என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். செண்டுமல்லி வேருக்குள் புகும் இளம் புழுக்கள் முழு வளர்ச்சி பெறுவதில்லை, முட்டையிடுவதும் இல்லை.

இங்கே ஓர் உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். உயிருள்ள வேர் எட்டும் இடத்தில்தான் இக்காவல் நடைபெறும். வரப்போரம் நான்கு செடிகளை நட்டுவிட்டு, வயல் முழுவதும் காக்கப்படும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நிலம் முழுவதும் செண்டுமல்லியை ஒரு பருவம் பயிரிட்டு, அடுத்த பருவத்தில் தக்காளி நடுவதே நல்லது. களைகளையும் அகற்ற வேண்டும். பல களைகளின் வேர்களில் நூற்புழுக்கள் பிழைத்துக்கொள்ளும். மேலும், எல்லா வகை நூற்புழுக்களையும் செண்டுமல்லி ஒரே அளவில் அடக்குவதில்லை.

பயிரிடும் முறை எளிது. விதைகளை நாற்றங்காலில் தூவி, ஏறத்தாழ ஒரு மாத நாற்றுகளைப் பிடுங்கி நட வேண்டும். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 35 சென்டிமீட்டர் இடைவெளி போதும். நட்ட 30ஆம் நாள் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிடுவார்கள். நுனி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்னும் ஹார்மோன் பக்க மொட்டுகளை வளரவிடாமல் தடுக்கிறது. நுனியைக் கிள்ளினால் தடை நீங்கிப் பக்கக் கிளைகள் வளரும், பூக்களும் கூடும். நட்ட இரண்டு மாதத்தில் பூப் பறிக்கலாம்.

மண்ணுக்குள் காவல் நடக்கும் அதே மாதங்களில் உழவருக்குப் பூ வருமானமும் கிடைக்கிறது. மாலைக்குப் போக, இதழிலுள்ள மஞ்சள் நிறமி கோழித் தீவனத்திலும் சேர்கிறது. முட்டையின் மஞ்சள் கருவுக்கு நல்ல நிறம் தருகிறது.

உங்கள் பள்ளித் தோட்டத்தில் முடிச்சு கண்ட பாத்தி இருந்தால் அதை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் செண்டுமல்லியும் மறு பாதியில் கத்தரியும் வளருங்கள். அடுத்த பருவத்தில் இரண்டிலும் தக்காளி நட்டு, இறுதியில் வேர்களைக் கழுவி முடிச்சுகளை எண்ணுங்கள். விடையை அந்த வேர்களே கூறும்!