மலைக் குளிருக்கு ஒரு பிரெஞ்சுப் பலகாரம்!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. மாலையில் பனி இறங்கியதும் நாக்கு சூடாக எதையாவது கேட்கும். போண்டாவும் பஜ்ஜியும் இருக்கவே இருக்கின்றன. எண்ணெய்ச் சட்டி வைக்காமல் செய்யும் பலகாரம் ஒன்றும் உண்டு. அதன் பெயர் கூஜேர். மாவும் முட்டையும் சீஸும் சேர்த்துச் சுடுவது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெறும் கூடு.

பிரான்ஸ் நாட்டின் பர்கண்டிப் பகுதிதான் இதன் தாயகம். ஏற்காட்டில் சேக்ரட் ஹார்ட் பள்ளியை நடத்துகிறார்களே, க்ளூனி கன்னியர்கள்! அந்த க்ளூனி என்ற ஊர் இருப்பதும் பர்கண்டியில்தான். அங்கே கூஜேரைத் திராட்சை மதுவுடன் தின்பார்கள். காப்பித் தோட்டங்கள் நிறைந்த சேர்வராயன் மலையில் மது எதற்கு?

செய்முறை, களி கிண்டத் தெரிந்தவர்களுக்குப் பாதி தெரிந்ததுதான். 125 மில்லி தண்ணீரில் 50 கிராம் வெண்ணெயும் கொஞ்சம் உப்பும் போட்டுக் கொதிக்க விடவேண்டும். கொதித்ததும் 75 கிராம் மைதாவை ஒரேயடியாகக் கொட்டி, கட்டி தட்டாமல் கிண்டவேண்டும். மாவு சட்டியை விட்டு விலகி, ஒரே உருண்டையாகத் திரளும். அப்புறமும் ஓரிரு நிமிடம் கிண்டி, ஈரத்தை வற்ற வைக்கவேண்டும்.

பிறகு இறக்கி ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் முட்டை வெந்து திரிந்துவிடும்! கை பொறுக்கும் சூடு வந்ததும் 2 முட்டைகளை ஒவ்வொன்றாக விட்டு அடிக்க வேண்டும். 50 கிராம் சீஸைத் துருவிப் போடலாம். பிரெஞ்சுக்காரர்கள் கோம்தே, க்ருயேர் என்ற சீஸ்களைப் போடுகிறார்கள். கடையில் கிடைக்கும் சாதாரணக் கட்டிச் சீஸே போதும். காப்பித் தோட்ட மரங்களில் படரும் மிளகைத் தட்டிப் போட்டால் வாசனை தூக்கும்.

எலுமிச்சங்காயைவிடச் சிறிதாகத் தட்டில் வைத்து, 200 டிகிரி சூட்டில் உள்ள ஓவனில் வைக்கவேண்டும்.

சோடா உப்பு இல்லை, ஈஸ்ட் இல்லை. எப்படி உப்புகிறது? எல்லாம் ஆவியின் வேலை! ஒரு படி தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 படி இடம் கேட்கும். மாவுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, மாவை நாலா பக்கமும் தள்ளுகிறது. பூரி உப்புவதும் இதனால்தான்.

முதல் 20 நிமிடம் ஓவன் கதவைத் திறக்கவே கூடாது. குழந்தைகள் எட்டிப் பார்க்கத் துடிப்பார்கள், விடக் கூடாது. குளிர்காற்று பட்டால் அத்தனையும் பொத்தென்று அமுங்கிவிடும். வெண்ணெய், முட்டை, சீஸ் எல்லாம் வீண். விலை கொஞ்சமா?

ஏற்காடு சுமார் 5,000 அடி உயரம். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே உள்பக்கம் வேகவும் காயவும் சற்று நேரமாகும். சமவெளியில் 25 நிமிடம் போதுமென்றால், மலைமேல் நன்றாகச் சிவக்கும்வரை காத்திருப்பது நல்லது.

எடுத்தவுடன் ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு துளை போட்டால் உள்ளிருக்கும் ஆவி வெளியேறும். மறுநாள் நமத்துப் போனாலும் கவலை இல்லை. 5 நிமிடம் ஓவனில் வைத்தால் மறுபடி மொறுமொறுப்பு வந்துவிடும்.