குதிரையின் ஓராண்டுச் செலவு

சிரம்பானை அடுத்துள்ள ராசா போன்ற வட்டாரங்களின் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் பலர் மாடு வளர்த்தனர். பால்மரங்களுக்கு இடையே வளர்ந்த புல்லே மாட்டுக்குத் தீனி. அதனால் உடலுழைப்பு மிகுதியாக இருந்தாலும் கைப்பணம் அவ்வளவாகக் கரையவில்லை. குதிரை வளர்ப்பு அப்படிப்பட்டதன்று. குதிரையை ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிடலாம். அதற்குப் பிறகு 25 ஆண்டுகள் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும், அதைப் பராமரிக்க வேண்டும்.

குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்தீவனம் தின்னும். 450 கிலோகிராம் எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 9 கிலோகிராம் என்றால், ஓராண்டுக்கு மூன்று டன்னுக்கும் அதிகமான உலர்புல் தேவை. மாட்டைப் போல அது அசைபோடும் விலங்கன்று. அதன் இரைப்பை சிறியது. ஆகவே, நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். உண்டதை அதனால் வாந்தியெடுக்கவும் இயலாது. தானியத்தை ஒரே வேளையில் அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் கடுமையான வயிற்றுவலி உண்டாகும். குளம்பின் உட்பகுதி வீங்கி நடக்க முடியாமலும் போகும். "கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்னும் பழமொழியில் வரும் கொள்ளுக்கும் அளவு உண்டு.

தீனிக்கு அடுத்தது குளம்பு. அது நம் நகத்தைப் போல வளர்ந்துகொண்டே இருப்பதால், ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை லாடக்காரர் வந்து சீர்செய்ய வேண்டும். பூச்சிமருந்து, தடுப்பூசி, பல் பராமரிப்பு ஆகியவற்றுக்கும் செலவாகும். சொந்தக் கொட்டகை இல்லாதவர் குதிரையை வாடகை லாயத்தில் விடுவார். தீனி போடுவது முதல் சாணம் அள்ளுவது வரை அனைத்தையும் லாயமே செய்தால் கட்டணம் கூடும். இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்தால் பணம் குறையும். ஆனால், குதிரைக்குப் பெருநாள் விடுமுறை கிடையாது. உரிமையாளர் நாள்தோறும் போயாக வேண்டும். மலேசியா போன்ற வெப்ப நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்வை சுரப்பதே நின்றுவிடுவதுண்டு. அவற்றை நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க ஆள் வேண்டும்.

இந்தக் கணக்கைப் பாண்டிய நாடு பெரும் விலை கொடுத்துக் கண்டது. மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட கதை பலரும் அறிந்ததே. 13-ஆம் நூற்றாண்டில் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து குதிரைகள் கப்பலேறிக் காயல் துறைக்கு வந்தன. ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள், ஒன்று 220 பொன் தினார், ஆக மொத்தம் 2,200,000 தினார் என்று வஸாஃப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அவர் குறிப்பிடும் ஓர் ஒப்பந்தப்படி, வழியில் இறந்த குதிரைக்கும் அரசே விலை கொடுக்க வேண்டியிருந்தது.

அவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார் அதே காலத்தில் அங்கு வந்த மார்க்கோ போலோ. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம்; அவர் கூறும் காரணமோ நம்பத்தக்கது. குதிரைகளுக்கு இறைச்சியும் சோறும் சமைத்துக் கொடுத்தார்களாம். வறுத்த தானியத்தில் வெண்ணெய் கலந்து ஊட்டியதாகவும், காய்ச்சிய பால் புகட்டியதாகவும் வஸாஃப் கூறுகிறார். அன்புக்குக் குறைவில்லை, ஆனால், புல் தின்னும் விலங்கின் வயிற்றுக்கு அது ஒவ்வாத விருந்து. நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்த பின், பழக்காமலேயே வீரர்கள் அவற்றின் மீது ஏறி விரைந்தனர் என்றும் அவர் எழுதியுள்ளார்.

குதிரை நோயைக் குணப்படுத்தத் தெரிந்தவர்கள் அங்கு இல்லை. வணிகர்களும் அப்படிப்பட்டவர்களைக் கப்பலில் அழைத்து வரவில்லை; அவர்கள் போவதையும் தடுத்தனர் என்கிறார் போலோ. குதிரைகள் பிழைத்துக்கொண்டால் மறு ஆண்டு விற்பனை என்ன ஆவது?